எள்ளும் கொள்ளும் ஒரே வீட்டில்: அவருக்கு எடை ஏற வேண்டும், எனக்கு இறங்க வேண்டும்

மணப்பாறை முறுக்கு (ஞாயிறு, காலை 10.40)

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவள், இப்போது கேட்க வந்திருக்கிறேன்.

எனக்கு 31 வயது. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. போன மாத ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "ஆறு மாசத்துல அஞ்சாறு கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். வீட்டுக்காரருக்கு 34 வயது. உயரம் 175, எடை 54. துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. காலேஜில் எடுத்த சட்டை இன்றும் அவருக்குத் தொளதொளவென்றுதான் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை பெரியம்மா, "என்னடி, அவன் சாப்பாட்டையும் சேர்த்து நீயே சாப்பிடுறியா?" என்று கேட்க, எதிர்வரிசை வரைக்கும் சிரிப்பு. அன்றைக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, ஒழுங்காகச் செய்வோம் என்று மூன்று வாரமாக இரண்டு சமையல். ஐந்தரைக்கு எழுந்து எனக்குக் கம்பு தோசை, அவருக்குப் பூரி கிழங்கு. மதியம் எனக்குச் சாமைச் சோறும் கீரையும், அவருக்கு நெய்ச்சோறும் உருளை வறுவலும். ராத்திரி எனக்குக் கொள்ளு ரசம், அவருக்குக் கடைப் பரோட்டா. இடுப்பு கழன்றுவிட்டது. பலன் என்னவென்றால், நான் 600 கிராம் ஏறியிருக்கிறேன், அவர் அதே 54. என் தோசையையும் சாப்பிட்டுவிட்டு, அவர் பாதியில் வைத்த பூரியையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன். கொட்ட மனசு வரவில்லை.

ஒரே சமையலில் இரண்டு பேரையும் சமாளிக்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

சும்மா வந்தவன் (ஞாயிறு, 10.52)

ரெண்டு பேரும் தட்டை மாத்திக்கோங்க. முடிஞ்சது.

கொத்துமல்லிக்கட்டு (ஞாயிறு, 11.15)

மேலே இருப்பவரை விடுங்கள். மூன்று கேள்வி. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? அவர் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார்? மதியச் சாப்பாட்டுக் கேரியர் காலியாகத் திரும்பி வருகிறதா?

மணப்பாறை முறுக்கு (ஞாயிறு, 11.40)

எல்லா எண்ணெயும் சேர்த்து மூன்று லிட்டர். டீ ஆறு ஏழு ஆகும், பட்டறை வாசலிலேயே கடை. கேரியர் பாதிதான் காலியாகிறது. மீதியை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

கொத்துமல்லிக்கட்டு (ஞாயிறு, 12.05)

மூன்று லிட்டர் என்பது ஏறக்குறைய 2,700 கிராம். இரண்டு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் தலைக்கு 45 கிராம் வருகிறது. ஹைதராபாதில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. கூடுதலாகப் போகிற 18 கிராமுக்கு 160 கலோரி கணக்கு.

அதிலும் வேடிக்கை, இந்த எண்ணெய் அவருக்கென்று ஊற்றியது. பூரி பாதி திரும்பி வருகிறது என்றால் அது யார் கணக்கில் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அவரை ஏற்றுவதற்காகச் செய்கிற சமையல் உங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

ஒல்லிப்பிச்சான் (ஞாயிறு, மதியம் 1.30)

உங்கள் வீட்டுக்காரர் கட்சியிலிருந்து பேசுகிறேன். 51 கிலோவில் இருந்து 60-க்கு வர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஒல்லியானவர்களிடம் எல்லோரும் சொல்வது, "நல்லா சாப்பிடுப்பா." சாப்பிட முடிந்தால் சாப்பிட மாட்டோமா? எங்கள் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், அவ்வளவுதான் சங்கதி. தட்டில் மலை மாதிரி சோற்றைப் பார்த்தாலே பாதிப் பசி போய்விடும். பூரி, பரோட்டா எல்லாம் எங்களுக்கு ஒரு வேளை தின்றால் அடுத்த வேளை பசியைக் கொன்றுவிடும். நெய்ச்சோறும் அப்படித்தான்.

எனக்கு உதவியது தட்டைப் பெரிதாக்கியது இல்லை. முதலில் டீயைக் குறைத்தேன். ஏழு டீ என்பதை மூன்று ஆக்கி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் டீயும் தண்ணீரும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது ரசத்தில் ஆரம்பிக்கிற பழக்கத்தை விட்டேன். முதலில் பருப்பு, குழம்பு, முட்டை, கடைசியில் இடம் இருந்தால் ரசம். அப்புறம் சட்டைப் பையில் பொட்டலமாக வறுத்த வேர்க்கடலை. நாற்பது கிராம் கடலையில் 225 கலோரி இருக்கிறது, நாலு இட்லியைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. நாலு இட்லி அடைக்கிற இடத்தை அது அடைக்காது. பதினோரு மணிக்கு ஒரு பிடி, நாலு மணிக்கு ஒரு பிடி. ராத்திரி படுக்கும்முன் ஒரு டம்ளர் பாலும் நேந்திரம்பழமும்.

உங்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. அவருடைய கூடுதல் தீனி எதுவும் உங்கள் அடுப்படியில் இருக்காது.

கொங்குத் தென்றல் (ஞாயிறு, மாலை 6.20)

தங்கச்சி, "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கொள்ளுதான். வெறும் வயிற்றில் கொள்ளு ரசம் குடித்து இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைத்தேன். கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். அவருக்கு எள்ளுருண்டை கொடுங்கள். பழமொழி போதும், கலோரிக் கணக்கெல்லாம் வேண்டாம்.

அளவுக்கரண்டி (ஞாயிறு, இரவு 8.45)

நான் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்கிற வேலையில் இருக்கிறேன். தென்றல் அக்கா சொன்ன பழமொழி சரி, விளக்கத்தில்தான் எனக்கு வழக்கு.

கொள்ளு எந்தக் கொழுப்பையும் கரைப்பதில்லை. எள்ளைப் பிழிந்தால் எண்ணெய் வருகிறது, கொள்ளைப் பிழிந்தால் வராது. பழமொழியின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், நூறு கிராமுக்கு 560 கலோரிக்கு மேல். கொள்ளில் கொழுப்பு சொற்பம், நூறு கிராமுக்கு 320 சொச்சம்தான். ஆனால் புரதம் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய, அதனால் வயிற்றில் நின்று பசி தாங்கும். கொஞ்ச இடத்தில் நிறைய கலோரி வேண்டியவருக்கு எள்ளு, நிறைய இடத்தில் கொஞ்சம் கலோரி வேண்டியவருக்குக் கொள்ளு. ஒல்லிப்பிச்சான் சகோ சொன்ன கடலைக் கதையும் இதேதான்.

அக்காவுக்கு நாலு கிலோ குறைந்தது என்றால், காலையில் ரசம் குடித்த நாளில் இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டிருப்பார்கள். ரசத்தை வடித்துக் குடித்துவிட்டு வெந்த கொள்ளை மாட்டுக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்து மாட்டுக்குப் போகிறது. சுண்டலாகத் தாளித்து நீங்கள் சாப்பிடுங்கள்.

அப்படியே முறுக்கு, உங்கள் கம்பு, சாமை விஷயம். நல்ல தானியங்கள், நார்ச்சத்து அரிசியைவிட அதிகம், சர்க்கரைக்கும் உதவும். ஆனால் நூறு கிராம் கம்பும் நூறு கிராம் அரிசியும் கலோரியில் ஒன்றுதான், 350 பக்கம். சாமைதானே என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் எடை எப்படி இறங்கும்?

கொங்குத் தென்றல் (ஞாயிறு, இரவு 9.10)

மாட்டுக்கு வைக்கவில்லை அம்மணி. எங்கள் ஊரில் கொள்ளுப்பருப்பு கடைந்து சோற்றில் போட்டுத்தான் சாப்பிடுவோம். ஆனால் தோசை குறைந்தது உண்மைதான், இப்போதுதான் யோசிக்கிறேன்.

செவ்வாழை (திங்கள், காலை 7.30)

டாக்டர் இல்லை நான், அனுபவத்தில் சொல்கிறேன். என் அண்ணன் ஒல்லியாக இருக்கிறான் என்று ஒரு வருடம் சத்துமாவு கரைத்துக் கொடுத்தோம். கடைசியில் தைராய்டு. உங்கள் வீட்டுக்காரர் எப்போதுமே 54-ஆ, இல்லை இறங்கி வந்த 54-ஆ? தானாக எடை இறங்கியிருந்தால் சமையலை மாற்றும் முன் தைராய்டு, சர்க்கரை, காசநோய் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

மணப்பாறை முறுக்கு (திங்கள், 8.15)

எப்போதுமே 54தான். கல்யாணத்தன்றும் 54. இருந்தாலும் நீங்கள் சொன்னதற்காகவே இந்த வாரம் பார்த்துவிடுகிறோம். நன்றி.

அடுப்படி ராஜ்ஜியம் (திங்கள், மதியம் 12.30)

எங்கள் வீட்டில் மாமனாருக்குச் சர்க்கரை, எனக்கு 80 கிலோ, வீட்டுக்காரருக்கு 56 கிலோ, பையனுக்குப் பத்து வயது. ஒரே சமையல்தான். பத்து வருடமாக ஓடுகிறது. இதை முழுதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அடிச் சமையலை இளைக்கிறவர் கணக்குக்குச் செய்ய வேண்டும். ஏற்றுவதைத் தட்டில் ஏற்றலாம், குழம்பில் ஊற்றிய எண்ணெயை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் ஒரு கரண்டி எண்ணெயில் முடித்துவிடுவேன். கூட்டுக்குத் தேங்காய் அரைத்து ஊற்றும் முன் என் பங்கைக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுவேன். மீதியில் தேங்காய் விழும். பொரியலும் அப்படியே.

தோசை வார்க்கும்போது முதல் இரண்டு எனக்கு. கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்பு, அதோடு சரி. மெல்லிசாக இழுத்து, மேலே முருங்கைக் கீரையோ வெங்காயமோ தூவினால் தட்டு நிறைந்த மாதிரி இருக்கும். அதே மாவில் அவருக்கு முட்டையை ஊற்றி, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு எடுத்தால் அது வேறு சாப்பாடு. இட்லிக்கு நான் மூன்று, கிண்ணம் நிறையச் சாம்பார். அவருக்கும் முதலில் மூன்றுதான் வைப்பேன், எள்ளுப்பொடியைக் குழைக்க நல்லெண்ணெய் தாராளமாக. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு இட்லி கூடத் தின்னச் சொல்லிக் கெஞ்சுவதைவிட இது சுலபம்.

பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் மேலே தடியாக ஆடை படியும். ஒரு ஸ்பூனால் ஓரத்தை நெம்பினால் அப்பளம் மாதிரி முழுசாக எழும்பி வரும். அதை அப்படியே அவர் டம்ளருக்கு மாற்றிவிடுவேன். ஆடை எடுத்த பாலில் உறை ஊற்றிய தயிர் எனக்கும் மாமனாருக்கும். ஒரே பால் பாக்கெட்தான்.

மீன் குழம்பு பொது, வறுவல் அவருக்கு மட்டும். கறி எடுத்தால் துண்டுகளில் பஞ்சம் இல்லை, இரண்டு பேருக்கும் புரதம் வேண்டும். சோறும் எண்ணெயும்தான் மாறும். சோற்றுக்கு மட்டும் தராசு வைத்திருக்கிறேன். வெந்த சோறு எனக்கு 120 கிராம், அவருக்கு 300. நூறு கிராம் சோறு 130 கலோரி.

சும்மா வந்தவன் (திங்கள், 12.41)

சோற்றை நிறுத்துப் போடுகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன்.

அடுப்படி ராஜ்ஜியம் (திங்கள், 12.44)

எங்கள் வீட்டில் பெண் இல்லை, பையன்தான். கவலைப்படாதீர்கள்.

வெண்கலப்பானை (திங்கள், மாலை 5.00)

எனக்கு 67 வயது. பதினொரு பேர் இருந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தவள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு, மாமியாருக்கு உப்பில்லாமல் ஒரு கிண்ணம், ஆட்களுக்குப் பழைய சோறு, எல்லாம் ஒரே அடுப்பில்தான். அதனால் ராஜ்ஜியம் பெண் எழுதியது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. கடைசியில் சாப்பிடுகிறவள்தான் குண்டாகிறாள். எல்லோருக்கும் போட்டு, சட்டியில் மீந்ததை வழித்து, "ரெண்டு கரண்டிதானே, நாளைக்கு என்ன செய்ய" என்று நானே சாப்பிட்டு வந்ததுதான் என் எண்பத்திரண்டு கிலோ. முறுக்கு, நீ அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. முதலில் உன் தட்டைப் போட்டுக்கொள். மீந்ததற்கு உன் வயிறு குப்பைத்தொட்டி இல்லை. அவர் வைத்த மிச்சம் ராத்திரி அவருக்கே வரட்டும்.

கொத்துமல்லிக்கட்டு (திங்கள், 5.20)

அம்மா, இதை அச்சடித்து அடுப்படியில் ஒட்டப்போகிறேன்.

நீலத்தாமரை (திங்கள், இரவு 9.30)

எல்லாரும் தோசை வார்க்கும் முறையைப் பேசுகிறீர்கள். முட்டை வேகவைக்க, கடலை வறுக்க அவருக்கு இரண்டு கை இல்லையா? எடை ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. ஏழு டீ குடிக்கத் தெரிந்தவருக்கு நாலு முட்டை அவிக்கத் தெரியாதா? பசியைக் கட்டுப்படுத்தப் பாடுபடுகிற ஒருத்தியை நெய்யில் முந்திரி வறுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஒல்லிப்பிச்சான் (திங்கள், 9.50)

முழுதாக ஒத்துக்கொள்கிறேன். என் முட்டையை நான்தான் அவிக்கிறேன். எட்டு முட்டை ஒரே தடவை, இரண்டு நாளுக்கு.

மார்கழிப் பனி (செவ்வாய், காலை 6.50)

எங்கள் வீட்டில் தலைகீழ். நான் 91 கிலோ ஆண், மனைவி 44 கிலோ, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். அவருக்கு என் மாமியார் வீட்டிலிருந்து எள்ளுருண்டை, உளுந்தங்களி, கருப்பட்டி எல்லாம் வரும். பரணில் ஒளித்து வைத்தால் ஏணி போட்டு எடுத்துவிடுவேன். இப்போது அவர் துணி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். சாவி எங்கே என்று எனக்குத் தெரியாது. மானம் போனாலும் எடை மூன்று கிலோ போயிருக்கிறது.

அளவுக்கரண்டி (செவ்வாய், 8.00)

இரண்டே விஷயம் சேர்க்கிறேன். ஒல்லியானவரைப் பரோட்டாவும் பஜ்ஜியும் கொடுத்து ஏற்றினால் கை கால் அப்படியே இருக்க, வயிறு மட்டும் முன்னே வரும். நம் ஊர் உடல்வாகு அப்படி. அதனால் அவருக்கும் இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி எடுக்கட்டும், ஏறுவது சதையாக ஏறும். முறுக்கு, நீங்களும் கூடவே செய்யலாம், குறையும்போது சதை கரையாமல் இருக்க அதுதான் காவல்.

இன்னொன்று, அவசரம் வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 500 கூட்டினாலும் குறைத்தாலும் கணக்குப்படி பதினைந்து நாளுக்கு ஒரு கிலோ, நடைமுறையில் அதைவிட மெதுவாகத்தான் நகரும். தினமும் எடை பார்த்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளாதீர்கள்.

மணப்பாறை முறுக்கு (ஆறு வாரம் கழித்து, ஞாயிறு காலை)

மறுபடி நான்தான். அவருக்கு தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. நான் 74.6-லிருந்து 72.4. அவர் 54-லிருந்து 55.3. பெரியம்மா கண்ணுக்கு இரண்டுமே தெரியாது, தராசுக்குத் தெரிகிறது.

இப்போது ஒரே சமையல். ஆறு மணிக்குத்தான் எழுகிறேன். எண்ணெய் இரண்டு லிட்டருக்கு வந்துவிட்டது, அதிலும் பெரும்பகுதி அவர் இட்லிப்பொடிக்குப் போகிறது. நீலத்தாமரை தோழி எழுதியதை அவரையே படிக்க வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை குக்கரில் முட்டை வைத்து ஐந்து விசில் விட்டு, பச்சை வளையம் விழுந்த முட்டையோடு நின்றார். இப்போது பழகிவிட்டது. டீ நாலுக்குக் கீழே குறைய மாட்டேன் என்கிறது. நான் போட்டிக்கு என் ராத்திரிச் சோற்றை விட்டுத் தரவில்லை, 120 கிராம் தட்டில் விழுந்துவிடும். சோறு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நடுவில் அத்தை வந்து பத்து நாள் இருந்தார்கள். அதிரசம் சுட்டார்கள். அந்தப் பத்து நாள் கணக்கை நான் இங்கே எழுதப்போவதில்லை. மிச்சம் சாப்பிடும் பழக்கம் மட்டும் முழுதாகப் போகவில்லை. வெண்கலப்பானை அம்மா, நேற்றுகூட கால் தோசை.

அப்புறம், சட்டைப் பையில் கடலை வைக்கச் சொன்ன சகோவுக்கு ஒரு செய்தி. வாஷிங் மெஷின் வடிகட்டியைக் கழற்றினால் ஒரு பிடி கடலைத்தோல். மெக்கானிக் 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

ஒல்லிப்பிச்சான் (ஞாயிறு, 11.05)

பொட்டலம் கட்டி வைக்கச் சொன்னேன் அக்கா, உதிரியாக இல்லை.